இடது பக்கத்து உதை

ஏழு போட்டோ அனுப்பினார் சென்னியப்பன்.
ஏழும் வலப்பக்கமிருந்து எடுத்தவை.
அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்;
நாள் முழுக்க ஆட்களை
இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுப்பதுதானே என் பிழைப்பு.

"எழுபத்தேழு மாடல் யெஸ்டிங்க. ஒரே கை.
அடி கிடி ஒண்ணுமில்லீங்க."
தாராபுரத்திலிருந்து அந்த 'ங்க' வந்த விதத்தில்
எழுபதாயிரத்தை அனுப்பிவிட்டேன்.

லிங்கராஜபுரத்துக்கு லாரியில் வந்தது,
தேங்காய் லோடின் ஓரத்தில்,
சாக்கும் வைக்கோலும் சுற்றி.
வீட்டு ஓனரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து
குஜரிச் சாமானா என்று கன்னடத்தில் கேட்டார்.
மெரூன் டேங்கில் முகம் தெரிந்தது.
இல்லை என்றேன்.

மூன்றாம் ஞாயிறு அந்த டேங்கைக் கழற்றினேன்.
அடியில் பெயின்ட் கொஞ்சம் தடித்திருந்தது.
ஸ்க்ரூடிரைவரால் நெருடினால்
பட்டி, பட்டி, இன்னும் பட்டி,
சுண்ணாம்பாய் உதிர்ந்துகொண்டே போய்
கடைசியில் ஒரு வெல்டிங்,
கம்பளிப்பூச்சி ஒட்டிக் கிடப்பதுபோல.
அதற்குக் கீழே ஃப்ரேம்
நாலு டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
கிராங்க் கேஸில் எம்-சீல் அப்பிய கீறல்.
ஃபோர்க்கின் இடது குழாயில் ஆயில் இல்லை,
மழைத்தண்ணீர்.

சிவாஜி நகர் முனாவர் வந்து குந்திப் பார்த்தான்.
"மேடம், இது வண்டியில்லே, களிமண் பிள்ளையாரு.
தண்ணி படாம வச்சுக்கங்க."

நைட் ஷிஃப்டில் ஒரு யோசனை:
ஃப்ரேமைத் தூக்கிப்போய் டேபிளில் கிடத்தினால் என்ன.
ரூல் விடாது. லிஃப்டும் விடாது.
ஆனாலும் அந்தச் சாய்வு தூங்க விடவில்லை.
இடமிருந்து ஏதோ வந்திருக்கிறது, தாழ்வாக,
கார் பம்பர் உயரத்தில்.
அந்த உயரத்தில் வண்டியில் இரும்பு மட்டுமா இருக்கும்?
முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு.
மாதத்துக்கு இருபது எடுக்கிறேன், அதே படம்.

போன் செய்தேன்.
"பெயின்டர் பண்ணியிருப்பானுங்க" என்றார்.
அடுத்த தடவை எடுக்கவில்லை.
மூன்றாம் தடவை பணத்தைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்,
வாயில் வந்தது வேறு:
"கால் இப்ப எப்படி இருக்கு?"

பின்னால் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.
அது நிற்கும்வரை அவர் பேசவில்லை.
"ஒரு இஞ்ச் கம்மிங்க."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்,
யெஸ்டிக்கு உதை இடப்பக்கம்.
கியர் போடுகிற அதே தண்டை
உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர்.
ஆறு வருஷம் அதைத் துடைத்து வைத்திருந்திருக்கிறார்,
ஒருநாளும் உதைக்க முடியாமல்.

அதற்காக மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன்.
ஃப்ரேம் நிமிர்த்த ஒன்பதாயிரம்.
கேஸுக்கு ஆர்கான் வெல்டிங் இரண்டாயிரத்து நானூறு.
ஃபோர்க் குழாய்க்கு ஜே.சி. ரோட்டில் பதினோரு கடை.
பில்லை எல்லாம் வாட்ஸப்பில் தட்டிவிட்டேன்.
நாலாயிரம் வந்தது.
பிறகு, மஞ்சள் விற்ற வாரம், ஆயிரத்து ஐநூறு.

நவம்பர் தூறலில் பதினேழாவது உதைக்குப் பிடித்தது.
நீலப்புகை தெருவை அடைத்தது.
ஓனரம்மா ஜன்னலைச் சாத்தினார்.
போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு
சைலென்சர் பக்கம் நீட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

கொஞ்சநேரம் கேட்டுவிட்டு,
"வலது குழாய் அமுங்குதுங்க" என்றார்.
"உள்ளே கரி அடைச்சிருக்கும்.
சொல்லோணும்னு இருந்தேன்."

ஆறவிட்டுக் கழற்றித் தட்டினால்
ஒரு கைப்பிடி கரி.
நான் கேட்காமல் அவர் சொன்ன முதல் விஷயம்
மூன்று நாள் நகக்கண்ணில் இருந்தது.
அந்த விரலால்தான் மறுநாள் ஸ்விட்சைத் தட்டினேன்,
மார்புப் படத்துக்கு மூச்சடக்கி நின்ற பெரியவரிடம்
முடிந்தது என்றேன். உசிரு பிடி.

கன்னடத்தில் அதற்கு
விடுங்கள் என்று அர்த்தம்.